சர்க்கரையும் ஈறும்: கேள்வி-பதில்

பல் தேய்க்கும்போது ரத்தம் கசிகிறது. சர்க்கரை நோய் உண்டு. வலி இல்லையே, விட்டுவிடலாமா?

வலிக்காததுதான் வம்பே. ஈறு நோய் பெரும்பாலும் வலியில்லாமலேயே பல்லைத் தாங்கும் எலும்பைக் கரைத்துவிடும். பல் மருத்துவர் மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே இறக்கிப் பார்ப்பார். 3 மி.மீ. வரை இறங்கினால் சரி. 4, 5 என்று போனால் அங்கே ஈறு பல்லை விட்டு விலகிப் பை விழ ஆரம்பித்திருக்கலாம். ரத்தம் வருகிறதே என்று பலர் அந்த இடத்தை மட்டும் தேய்க்காமல் விடுவார்கள்; அழுக்கு சேர்ந்து கசிவு இன்னும் கூடும். மெத்தென்ற பிரஷ்ஷால் அங்கேயும் தேயுங்கள். சிகரெட் பிடிப்பவர்களுக்கு ரத்தம் குறைவாகத்தான் வரும். அதை நம்பி ஏமாற வேண்டாம்.

சர்க்கரை கூடினால் ஈறு கெடுமா, ஈறு கெட்டால் சர்க்கரை கூடுமா?

இரண்டும்தான். ரத்தத்தில் சர்க்கரை நீண்ட நாள் கூடியே இருந்தால் அது புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். அப்படி உருவாகும் பொருள்கள் ஈறுகளில் தேங்கி அழற்சியைக் கிளறும். வெள்ளை அணுக்களின் வேலையும் தடுமாறும், புண் ஆறவும் நாளாகும். கட்டுப்பாடு இல்லாதவர்களுக்கு ஈறு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 2 முதல் 3 மடங்கு.

எதிர்த் திசையில், ஈறுப் பைகளிலிருந்து டிஎன்எஃப்-ஆல்ஃபா, ஐஎல்-6 போன்ற அழற்சிப் பொருள்கள் ரத்தத்தில் கலந்து இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. பைகளுக்கு உள்ளே வரை சுத்தம் செய்தால் 3, 4 மாதத்தில் ஹெச்பிஏ1சி (கடந்த 2, 3 மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் ரத்தச் சோதனை) சராசரியாக 0.4 அளவுக்கு இறங்குகிறது, 8.2 இருந்தவருக்கு 7.8 என்று வைத்துக்கொள்ளுங்கள். சும்மா இல்லை, ஆனால் மாத்திரையை நிறுத்தும் அளவுக்கும் இல்லை. 2018-இல் வெளியான ஈறு நோய் வகைப்பாட்டில், ஹெச்பிஏ1சி 7 அல்லது அதற்கு மேல் இருந்தால் நோய் வேகமாக முற்றக்கூடிய வகையில் சேர்த்துவிடுவார்கள். ஆகவே பல் மருத்துவரிடம் போகும்போது அந்த ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும்.

விரலில் குத்தாமல் எச்சிலிலேயே சர்க்கரை பார்க்க முடியாதா?

ரத்தச் சர்க்கரை ஏறினால் எச்சிலிலும் ஏறும் என்பது உண்மை. ஆனால் சற்றுமுன் சாப்பிட்டது, வாயிலுள்ள கிருமிகள், எச்சில் சுரக்கும் அளவு எல்லாமே கணக்கைக் குழப்பும். அதை நம்பி இன்சுலின் அளவை மாற்றாதீர்கள்.

எச்சில் ஓரளவு நன்றாகச் சொல்வது ஈறின் நிலையை. எம்எம்பி-8 என்று ஒரு நொதி; பெரும்பாலும் வெள்ளை அணுக்களிலிருந்து வருவது, ஈறைக் கட்டிப்பிடித்திருக்கும் கொலாஜன் என்ற புரதத்தை அறுப்பது. சில நிமிடங்களில் முடிவு தெரியும் சோதனைகள் வந்துவிட்டன. எக்ஸ்ரே காட்டுவது ஏற்கெனவே போன எலும்பை. இந்த நொதி கூடியிருந்தால் இப்போது அறுப்பு நடக்கிறது என்று சந்தேகிக்கலாம். எந்தப் பல் என்று சொல்லாது. அதற்கு அந்தக் கம்பிதான்.

பல் எடுக்க வெறும் வயிற்றோடு போகலாமா?

மரத்துப்போகும் ஊசி மட்டும் என்றால் வேண்டாம். காலையில் சாப்பிட்டு, வழக்கமான மருந்தையும் எடுத்துக்கொண்டு போங்கள். மருந்தைப் போட்டுச் சாப்பிடாமல் விட்டால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடக்கூடும். முழு மயக்கம் என்றால் மருத்துவர் தனியாகச் சொல்வார்.

மௌத்வாஷ் போதுமா?

போதாது. பல்லில் படிந்து இறுகிய காரையை அது கரைக்காது.

எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் ஈறில் அடிக்கடி சீழ்க்கட்டி வருகிறது.

இல்லை என்று கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? பல் மருத்துவரைப் பாருங்கள், அப்புறம் ஹெச்பிஏ1சி-யும் எடுத்துவிடுங்கள்.