எச்சரிக்காமல் ரன் அவுட் செய்தது தவறா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் சாட்ஸ்வொர்த்தில் 14 வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் கிரிக்கெட் சொல்லிக்கொடுக்கிறேன். போன வாரம் கடைசி ஓவரில் எதிரணிக்கு 4 ரன் வேண்டும், கையில் ஒரே விக்கெட். பந்து போட ஓடி வந்த எங்கள் பையன், நான்-ஸ்ட்ரைக்கர் (பவுலர் பக்கம் நிற்கும் பேட்ஸ்மேன்) கோட்டைத் தாண்டி முன்னே போவதைப் பார்த்து, ஸ்டம்ப் மேலிருக்கும் பெயில்ஸைத் தட்டிவிட்டான். அம்பயர் அவுட் கொடுத்தார், ஜெயித்துவிட்டோம். "ஒரு தடவை சொல்லிவிட்டுச் செய்திருக்கக் கூடாதா?" என்று அந்தப் பையன்களின் பெற்றோர் சண்டைக்கு வந்தார்கள். எங்கள் ஆட்கள் சிலரே அவனைத் திட்டினார்கள். அவன் செய்தது சரியா? இனி என்ன சொல்லிக்கொடுப்பது?

பதில்: அவன் செய்தது சரி. முன்கூட்டி எச்சரிக்க வேண்டும் என்று கிரிக்கெட் விதிகளில் எங்கும் இல்லை. அது பழக்கத்தில் வந்த ஒரு மரியாதை, அவ்வளவுதான். ஸ்டம்பிங் செய்யும் விக்கெட் கீப்பர் "தம்பி, கோட்டுக்குள்ளே நில்" என்று முதலில் சொல்லிவிட்டா செய்கிறார்?

எச்சரித்திருந்தால் மட்டும் யாரும் பேசியிருக்க மாட்டார்களா என்ன? உங்கள் ஊர்ப் பெரியவர்களுக்கு 1992 நினைவிருக்கும். இந்திய அணி முதல்முறையாகத் தென்னாப்பிரிக்காவுக்கு வந்த வருடம். டர்பன் கிங்ஸ்மீட் மைதானத்தில் டெஸ்ட் முடிந்து, டிசம்பரில் போர்ட் எலிசபெத்தில் ஒருநாள் போட்டி. கபில்தேவ் முன்பே எச்சரித்திருந்தும் தென்னாப்பிரிக்காவின் பீட்டர் கர்ஸ்டன் திரும்பவும் முன்னே நகர்ந்தார், ரன் அவுட் ஆனார். கோபத்தோடு வெளியே போன கர்ஸ்டனுக்குத்தான் அபராதம். ஆனாலும் அன்றைக்குத் திட்டு வாங்கியவர் கபில். எச்சரித்தாலும் திட்டு, எச்சரிக்காவிட்டாலும் திட்டு என்றால், சிக்கல் எச்சரிக்கையில் இல்லை என்றுதானே பொருள்?

1947-இல் சிட்னி டெஸ்டில் இந்தியாவின் வினூ மன்கட் ஆஸ்திரேலியாவின் பில் பிரவுனை இப்படி அவுட் செய்தபோதும் பத்திரிகைகள் பாய்ந்தன. மன்கட் பக்கம் நின்று பேசியவர், எதிரணித் தலைவர் டான் பிராட்மன். கோட்டை விட்டு முன்னே போவது நான்-ஸ்ட்ரைக்கர் தானாக எடுத்துக்கொள்ளும் சலுகை என்பது அவர் வாதம். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது. ஒரு முனையின் கோட்டிலிருந்து (கிரீஸ்) மறு முனைக் கோட்டுக்கு 17.68 மீட்டர். அதில் ஒரு மீட்டரை முன்பே நடந்து கடந்தவருக்கு ஓட வேண்டியது குறைந்துவிடுகிறது. பவுலரின் கால் நூலளவு தாண்டினாலே நோ-பால் சொல்கிறோம். பேட்ஸ்மேன் தாண்டுவது மட்டும் எப்படிக் கண்ணியம் ஆகும்?

2022 அக்டோபரில் இந்த விதியை 'நியாயமற்ற ஆட்டம்' என்ற பகுதியிலிருந்து எடுத்துச் சாதாரண ரன் அவுட் விதியோடு சேர்த்துவிட்டார்கள். அதோடு இந்த வாதம் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை, அது வேறு கதை.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது பையன் எந்த நேரத்தில் தட்டினான் என்பதை. பவுலர் ஓட ஆரம்பித்ததிலிருந்து, வழக்கமாகப் பந்தை விடும் நொடி வரைதான் இப்படி அவுட் செய்யலாம். கை சுழன்று உச்சிக்கு வந்துவிட்டால் அந்த வாய்ப்பு போய்விட்டது. 2023 ஜனவரியில் மெல்பர்னில் ஆஸ்திரேலியப் பவுலர் ஆடம் ஸாம்பா கையை முழுவதும் சுழற்றிவிட்டு, பந்தை விடாமல் திரும்பி ஸ்டம்பைத் தட்டினார். நாட் அவுட். விதியின் வாசகத்தை இன்னும் தெளிவாக எழுத அந்தச் சம்பவமே காரணமானது. ஆகவே பந்து போடுவதுபோல் பாவனை காட்டி, பேட்ஸ்மேன் நகரக் காத்திருந்து தட்டும் வித்தையைப் பையன்களுக்குப் பழக்காதீர்கள். கை மேலே வருமுன் கண்ணில் பட்டால் தட்டலாம், இல்லையென்றால் பந்தைப் போட்டுவிட வேண்டும்.

நான்-ஸ்ட்ரைக்கராக நிற்கும்போது பார்வை பவுலரின் கையில் இருக்கட்டும், பந்து கையை விட்டுப் போகும்வரை மட்டை கோட்டுக்குள்ளே இருக்கட்டும். வலைப்பயிற்சியிலேயே இதைப் பழக்கலாம். அங்கே சும்மா நிற்கும் பையனுக்கும் ஒரு வேலை கிடைக்கும்.

அப்பீலை (அம்பயரிடம் அவுட் கேட்டதை) திரும்பப் பெற்றிருக்கலாமே என்றும் கேட்பார்கள். அடுத்த பந்துக்குப் பவுலர் ஓட ஆரம்பிக்குமுன், இன்னிங்ஸ் முடிந்துவிட்டால் அம்பயர்கள் மைதானத்தை விட்டுப் போகுமுன், அம்பயரின் சம்மதத்தோடு கேப்டன் அப்படிச் செய்யலாம். செய்தால் பெருந்தன்மை, செய்யாவிட்டால் குற்றமில்லை. கையில் பன்னி சௌவை (குழம்பு நிரப்பிய ரொட்டி) வைத்துக்கொண்டு எல்லைக்கோட்டில் நின்று கத்தும் பெரியவர்களுக்குப் பயந்து 13 வயதுக் கேப்டன் அந்த முடிவை எடுக்கும்படி விடாதீர்கள். சிறுவர் போட்டிகளில் ஒரு எச்சரிக்கை கட்டாயம் என்று உள்ளூர் விதி இருக்கவும் கூடும். உங்கள் லீக் அப்படி ஏதும் வைத்திருக்கிறதா என்று உடனே கேளுங்கள். இருந்தால் அதுதான் செல்லும், மேலே சொன்ன என் பதிலும் மாறும்.

அப்புறம், ஸ்கோர் புத்தகத்தையும் ஒருமுறை பாருங்கள். ரன் அவுட் என்றுதான் எழுத வேண்டும், விக்கெட் பவுலர் கணக்கில் சேராது. பந்து போடப்படாததால் அது ஓவரிலும் சேராது. உங்களுக்கு அது கடைசி விக்கெட், பிரச்சினை வரவில்லை. இன்னொரு விக்கெட் மிச்சமிருந்தால், எத்தனை பந்து பாக்கி என்று அடுத்த சண்டை தொடங்கியிருக்கும்.