மூன்றாவது படியில் திரும்பியவர்

வணக்கமுங்க அண்ணா,

சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறேன். வயது 43, பதினாறு வருடக் குடி. தாத்தா காலத்திலிருந்தே கருப்புச் சட்டைக் குடும்பம் என்பதால் கோயில் கயிறு, சத்தியம் எதற்கும் நான் சம்மதிக்கவில்லை. நண்பர் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்; குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடுகிற அமைப்பு) கூட்டத்துக்குக் கூட்டிப் போனார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குடியிலிருந்து மீள அவர்கள் சொல்கிற பன்னிரண்டு படிகளில் பாதியில் கடவுள். கடவுளிடம் நம்மை ஒப்படைக்கச் சொல்கிற மூன்றாவதிலேயே திரும்பி வந்துவிட்டேன். மனசு வைத்தால் விடக்கூடியவன்தான் நான். நேற்றிலிருந்து தொடவில்லை. கடவுள் இல்லாமல் இந்தப் படியெல்லாம் ஏற முடியுமாங்க?

(பெயர் வேண்டாமுங்க)

அன்புள்ள தம்பி,

படி இருக்கட்டும், முதலில் உடம்பு. தினமும் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் வலிப்பு வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம், உயிரே போகலாம். மருத்துவரிடம் போய்த்தான் நிறுத்த வேண்டும். உங்களுக்கு அன்றே தனியாக எழுதிவிட்டேன்; இது மற்றவர்களுக்கு.

இனி கடவுள். 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஒரு மருத்துவரும் ஆரம்பித்தது இந்த ஏ.ஏ. 1939இல் படிகளைப் புத்தகமாகப் போடும்போதே உள்ளே இருந்த நம்பிக்கையில்லாதவர்கள் மல்லுக்கு நின்றார்கள். கடவுளுக்குப் பக்கத்தில் ‘நாங்கள் புரிந்துகொண்டபடி’ என்று சேர்ந்தது அவர்களால்தான். 1975இல் சிகாகோவில் நாத்திகர்களுக்கென்றே ஒரு குழு வந்தது. சேருவதற்குக் கேட்பது ஒன்றுதான்: குடியை விட வேண்டும் என்கிற ஆசை.

என் மச்சான் ஒன்பது வருடம் ஐயப்பனுக்கு மாலை போட்டவர். ஒரு மண்டலம் சொட்டு கிடையாது. மாலையைக் கழற்றிய அன்றைக்குச் சாயங்காலம் கடை வாசலில் நிற்பார். சாமியே கைவிட்டுவிட்டதென்று அக்கா அழுவாள். எனக்கு வேறு மாதிரி தோன்றியது. அந்த நாட்களில் விடியுமுன் குளியல், ஊரே ‘சாமி’ என்று கூப்பிடுவது, கடைக்குப் போகிற அதே ஆறரை மணிக்குப் பஜனையில் பத்துப் பேரோடு உட்காருவது. மாலையோடு எல்லாமே கழன்றுவிடும். பிற்பாடு கோவையில் ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். ஆறரை மணிக்கு மறுபடி பத்துப் பேர் கிடைத்தார்கள். சாமி பழைய சாமிதான்.

நான்காவது, எட்டாவது, ஒன்பதாவது படிகளை நூல் வியாபாரம் பார்க்கிற ஊருக்கு விளக்க வேண்டியதில்லை. பேரேட்டைப் பிரித்து யாருக்கு என்ன பாக்கி என்று எழுதி, போய்த் தீர்ப்பது. தீர்க்கப் போனால் அவருக்கே கெடுதல் என்றால் போகக் கூடாது; அதையும் ஒன்பதாவது படியே சொல்கிறது. மச்சானின் நோட்டில் முதல் பெயர் அக்காவுடையது இல்லை (அவளுக்கு அதில் இன்னும் வருத்தம்). தறியில் வேலை செய்த ஒரு பையன். அவனுடைய தீபாவளி போனஸைக் குடித்துத் தீர்த்திருக்கிறார். ஏழு தவணையில் கொடுத்தார். முதல் தவணைக்குப் பையன் வீட்டு வாசல்வரை போய் இரண்டு முறை திரும்பி வந்தார். மூன்றாம் முறை கூடப் போனது கூட்டத்துக் கூட்டாளி ஒருவர்.

மூன்றாவது படியில் திரும்பியதாக எழுதுகிறீர்கள். ‘மனசு வைத்தால் விடக்கூடியவன்’ என்ற வரியைப் பார்த்தால் முதல் படியில் நீங்கள் இன்னும் கால் வைக்கவில்லை. அதில் கடவுள் கிடையாது. குடிக்கு முன்னால் என் பலம் செல்லவில்லை, பிழைப்பு கைமீறிவிட்டது என்று நாலு பேர் முன்னால் ஒத்துக்கொள்வது மட்டும்தான்.

மருத்துவர் சரி என்றதும் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பிரார்த்தனை சொல்லும்போது வாயைத் திறக்காமல் நில்லுங்கள். மச்சானுக்குப் பக்கத்தில் ஒருவர் பல வருடமாக அப்படித்தான் நிற்கிறார்.