உறைபனியால் மேலெழும்பிய நிழல் தோட்டச் செடிகளை மீட்பது எப்படி?

கேள்வி: மரநிழலில் இலையழகுக்காக வளர்க்கும் ஹோஸ்டா, ஹியூகெரா செடிகளையும் பெரணியையும் சென்ற இலையுதிர் காலத்தின் கடைசியில் நட்டேன். குளிர்காலம் முடியும் இந்நேரத்தில் சில செடிகள் மண்ணை விட்டு எழும்பி, வேர் வெளியே தெரிய நிற்கின்றன. காலால் மிதித்து உள்ளே இறக்கிவிடலாமா?

பதில்: தயவுசெய்து மிதிக்காதீர்கள். மேலே தெரியும் வேர்களுக்குக் கீழே மண் இன்னும் உறைந்திருக்கலாம். அந்நிலையில் அழுத்தினால், அறுபடாமல் தப்பிய வேர்களும் அறுந்துவிடும். ஈரமண்ணை மிதித்து இறுக்கினால் காற்றோட்டமும் வடிகாலும் கெட்டு, அடுத்த பனிக்கு அதே தொல்லை மீண்டும் வரும்.

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவதுதான் செடியைத் தூக்குகிறது என்று பலர் எண்ணுகிறார்கள். ஆனால், கீழ்மண்ணின் ஈரம் நுண்துளைகள் வழியாக உறையும் பகுதியை நோக்கி ஏறி, அங்கே பனித்தகடுகளாகத் திரண்டு, மேல்மண்ணைச் செடியோடு சேர்த்து உயர்த்துவதே முதன்மையான காரணம். உருகும்போது மண் தணிகிறது. செடியோ முழுவதும் பழைய இடத்துக்கு இறங்குவதில்லை. இரவில் உறைந்து பகலில் உருகும் நாட்கள் தொடரத் தொடர, செடி சிறிது சிறிதாக வெளியே தள்ளப்படுகிறது. வண்டலும் களியும் கலந்த, நீர் தேங்கும் மண்ணில் இது மிகுதி. உங்கள் செடிகள் தாமதமாக நடப்பட்டதால், மண் உறையுமுன் வேர் ஊன்ற அவகாசம் கிடைக்கவில்லை.

இப்போது செடியைக் கொல்லக்கூடியது குளிரைவிட வறட்சியே. ஆகவே, வெளியே தெரியும் வேர்களை இன்றே மக்கிய இலைத்தூளாலோ தளர்ந்த மண்ணாலோ மூடிவையுங்கள். பிறகு மண் முழுவதும் உருகும்வரை பொறுத்திருங்கள். ஒரு பிடி மண்ணை உருண்டையாகப் பிடித்து விரலால் அழுத்திப் பாருங்கள்: பிசுபிசுவென்று ஒட்டினால் இன்னும் காத்திருக்க வேண்டும், உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். செடியை வேர்க்கட்டோடு எடுத்து, கறுத்துக் குழைந்த வேர்களை நறுக்கிவிட்டு, முன்பிருந்த ஆழத்திலேயே நட்டு, கையால் மெல்ல அணைத்து, நன்கு நீர் விடுங்கள். புதுத்தளிர் வரும்வரை உரம் இட வேண்டாம்.

ஹியூகெராவைத் தனியாகக் கவனியுங்கள். அதன் தண்டு ஆண்டுதோறும் மரம்போல் முற்றி மேலே நீளும் இயல்புடையது; ஆகவே வயதான செடியைத் தண்டு புதையும்படி, இலைக்கொத்து மண்மட்டத்தில் அமருமாறு சற்று ஆழமாக நடலாம், வேருள்ள பக்கக் கிளைகளைப் பிரித்தும் நடலாம். பெரணியின் குருத்து மட்டும் மண்ணுக்குள் புதைந்துவிடக் கூடாது, புதைந்தால் அழுகும். ஹோஸ்டாவின் தூரை விரலால் அழுத்தும்போது கெட்டியாக இருந்தால், வேர் பாதி போயிருந்தாலும் அது பிழைத்துக்கொள்ளும் என்பது என் நம்பிக்கை. அவசரப்பட்டுத் தூக்கி எறியாதீர்கள்.

இனிமேல், மண் உறைவதற்கு ஆறு வாரங்களுக்கு முன்பே நடவை முடித்துவிடுங்கள். மண்ணின் மேல் பரப்பும் இலைதழை மூடாக்கை மண் உறைந்த பிறகே 5 முதல் 10 செ.மீ. கனத்துக்கு, தூரின் மேல் குவியாமல் இடுங்கள். மண்ணைச் சூடாக்குவது அதன் வேலையன்று, உறைந்த மண்ணை உறைந்தபடியே வைத்து, அடிக்கடி உருகாமல் தடுப்பதே அதன் பயன். வசந்தத்தில் தளிர் தலைகாட்டியதும் அதைச் சிறிது சிறிதாக விலக்குங்கள்.