எந்தக் காசைச் சேர்ப்பது? வன்னி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

நாணயம் சேர்க்கிறவர்களும் சேர்க்க ஆசைப்படுகிறவர்களும் கேட்டவற்றுக்கு ஒரே இடத்தில் பதில் எழுதுகிறேன்.

மல்லாவியிலிருந்து ஒரு தம்பி: அண்ணை, இப்பதான் தொடங்குறேன். எதிலிருந்து தொடங்கலாம்?

கையில் வரும் சில்லறையிலிருந்து தொடங்குங்கள். 2013 என்று ஆண்டு பொறித்து இலங்கை மத்திய வங்கி 25 மாவட்டங்களுக்கும் மாவட்டத்துக்கு ஒன்றாகப் பத்து ரூபாய் நாணயக் குற்றி வெளியிட்டது. அதில் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கையும் தேய்மானம் குறைந்ததாகப் பார்த்துத் தேடி எடுங்கள். கண் அதிலேயே பழகிவிடும். உலக நாணயம் என்று கண்டதையும் வாங்கிப் பெட்டியை நிரப்ப வேண்டாம். எல்லை சின்னதாக இருந்தால்தான் காசைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ள முடியும்.

கிளிநொச்சி ஆசிரியை ஒருவர்: அம்மம்மாவின் பெட்டகத்தில் இருந்த வெள்ளி ரூபாய் எல்லாம் இந்தியக் காசு. இலங்கைக் காசு ஏன் ஒன்றும் இல்லை?

இலங்கைக்கென்று ரூபாய்க் குற்றி அப்போது இல்லை, டீச்சர். இங்கே செல்லுபடியான ரூபாய் இந்திய ரூபாய்தான். 1870 என்று ஆண்டு பொறித்த கால் சதம், அரைச் சதம், ஒரு சதம், ஐந்து சதம் எல்லாம் அந்த ரூபாயின் சில்லறையாக வந்தவை. இலங்கையின் முதல் ஒரு ரூபாய்க் குற்றி 1957இல் புத்த ஜயந்திக்கு அடிக்கப்பட்டது. அதோடு வந்த ஐந்து ரூபாய் வெள்ளி, 28 கிராமுக்குச் சற்று மேல்.

பெட்டகத்துக் காசை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். விக்டோரியா படத்தோடு ‘குயின்’ என்று இருந்தால் 1876 வரை உள்ளது. ‘எம்ப்ரஸ்’ என்று இருந்தால் 1877க்குப் பிறகு. ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரின் 1911 ரூபாய் இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். மன்னரின் அங்கியில் இருந்த சின்ன யானை பார்ப்பவர்களுக்குப் பன்றி போலத் தெரிந்ததால் பெரிய எதிர்ப்பு வந்து, 1912இல் தும்பிக்கையைத் திருத்தி அடித்தார்கள். கோத்து அணிய வளையம் ஒட்டிய காசு நகையாக இருக்கட்டும். வளையத்தைக் கழற்றினாலும் பற்றாசு வைத்து ஒட்டிய தழும்பு போகாது. சேகரிப்பாளர் அதற்கு வெள்ளி விலைதான் தருவார்.

ஓமந்தை: புளி போட்டு விளக்கலாமா?

வேண்டாம். பித்தளை துலக்கும் பிராசோவும் வேண்டாம், சாம்பலும் வேண்டாம். மேற்பரப்பு ஒருமுறை போனால் போனதுதான்.

நெடுங்கேணியிலிருந்து: உங்களுக்குப் பிடித்த பகுதி எது அண்ணை?

யோசிக்கவே தேவையில்லை, யானைக் காசுதான். ஒல்லாந்தரிடமிருந்து இலங்கையின் கரையோரத்தை எடுத்த ஆங்கிலேயர் 1801 முதல் கொழும்பிலேயே அடித்த செப்புக் காசுகள் அவை. ஒரு பக்கம் யானை, அதன் கீழே ஆண்டு. மறுபக்கம் நடுவில் 12, 24, 48 என்று ஓர் எண். எண் கூடினால் காசு பெரிது என்று நினைக்க வேண்டாம். எத்தனை காசு சேர்ந்தால் அன்றைய பெரிய பண அலகான ஒரு றிக்ஸ் டொலர் என்பதே அந்த எண். ஆகவே 12 பெரிய காசு, 48 சின்னது. தடித்த செம்பில் கையால் அடித்ததால் யானை சிலவற்றில் ஓரத்துக்கு ஒதுங்கி நிற்கும், சிலவற்றில் ஆண்டின் கடைசி இலக்கம் விளிம்புக்கு வெளியே போயிருக்கும். இரண்டு காசு ஒரே மாதிரி இராது.

அதிலும் 1803 என்ற ஆண்டு நமக்கு வேறு. வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவில் ஆங்கிலேயரை விரட்டிக் கோட்டையைப் பிடித்ததும், பிறகு கற்சிலைமடுவில் தோற்றதும் அந்த ஆண்டில்தான். அந்த ஆண்டு எழுதிய காசைக் கையில் வைத்திருக்கும்போது எனக்கு வேறெந்தக் காசும் பெரிதாகத் தெரிவதில்லை.

மன்னார்ப் பக்கத்திலிருந்து: மாந்தையில் பழைய காசு கிடைக்குமாம். மெட்டல் டிடெக்டர் வாங்கலாமா?

தயவுசெய்து வேண்டாம் தம்பி. மாந்தை பழைய துறைமுகம். ரோமர் காலத்துச் செப்புக் காசுகூட அங்கே கிடைத்திருக்கிறது. சரி, அதைத் தோண்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் மிஞ்சுவது தேய்ந்த செப்புத்துண்டு. எந்த மண்ணடுக்கில், எந்த மட்பாண்ட ஓட்டோடு கிடந்தது என்பதே அதன் வரலாறு. தோண்டியவுடன் அது அழிந்துபோகும். அனுமதியில்லாமல் தோண்டுவது 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி குற்றமும் கூட. எல்லாவற்றுக்கும் மேலாக, நம்முடைய நிலத்தில் மிதிவெடி இன்னும் முழுதாக எடுத்து முடியவில்லை. டிடெக்டர் சத்தம் போட்டால் அது காசாக இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. உழும்போது ஏதாவது தானாக வெளிப்பட்டால் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள்.

சேது நாணயத்துக்கும் இதுவே என் பதில். ஒரு பக்கம் நிற்கும் அரசன், மறுபக்கம் படுத்த நந்தி, கீழே தமிழில் ‘சேது’ என்ற எழுத்து. யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச் சக்கரவர்த்திகளின் அந்தக் காசை யாருக்குத்தான் பிடிக்காது? ஆனால் எங்கே கிடைத்தது என்று சொல்ல மறுப்பவரிடம் வாங்காதீர்கள். நாம் வாங்குவதால்தான் அவர் அடுத்த குழியைத் தோண்டுகிறார்.

புதுக்குடியிருப்பு: ஆல்பத்தில் வைத்த காசு பச்சை பிடிக்கிறது.

மலிவான பீவீசீ பிளாஸ்டிக் உறையாக இருக்கும். உடனே மாற்றுங்கள். கார்த்திகை, மார்கழி மழைக்குள் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்கள். பச்சை பொடியாக உதிர்ந்தால் அந்தக் காசை மற்றவற்றோடு வைக்க வேண்டாம்.

செட்டிகுளத்திலிருந்து ஒரு அக்கா: மகளுக்குப் பத்து வயது. அவளுக்கு எதைக் கொடுத்துப் பழக்கலாம்?

வடிவத்தைக் கொடுங்கள் அக்கா. 1909இல் தொடங்கிய சதுர ஐந்து சதம், ஓரம் பூவிதழ் போல வளைந்த இரண்டு சதம், பத்துச் சதம், 1976 அணிசேரா மாநாட்டுக்கு வந்த பத்துப் பக்க ஐந்து ரூபாய். பெரும்பாலும் விலை குறைந்தவை, தொலைந்தாலும் அழத் தேவையில்லை. காசின் விளிம்பைப் பிடித்துத் தூக்கச் சொல்லிக் கொடுங்கள், விரல் வியர்வை முகத்தில் படாமல்.