இருபதாம் தேதிக்கு மேல்: வாசகர் கேள்வி பதில்

வீட்டு வரவு செலவு பற்றி எழுதி அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தோம். கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில். பெயர்களை எடுத்துவிட்டேன், தொகைகளில் கைவைக்கவில்லை.

கேள்வி: அக்கா, கணவருக்கு சிப்காட்டில் ஒப்பந்த வேலை. கையில் வருவது 24,000. இரண்டு பிள்ளைகள். வாடகை 6,500, மளிகை 5,000, காய்கறி, மீன் 3,500, மகளிர் குழுக் கடன் தவணை 2,200, பால் 1,800, ஸ்கூல் வேன் 1,400, கேஸ் 900, இரண்டு போனுக்கு ரீசார்ஜ் 600. இவ்வளவுதான் செலவு, ஆனால் 20ஆம் தேதியானால் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்க வேண்டியிருக்கிறது. ராத்திரி பிள்ளைகள் தூங்கின பிறகு போனில் ஷாப்பிங் ஆப் பார்ப்பேன். நைட்டி, டப்பா செட், தோடு என்று ஏதாவது வாங்கிவிடுவேன். போன மாசம் ஏழு பார்சல், 1,870 ரூபாய். மாமியார் கண்ணில் படாமல் அதையெல்லாம் உள்ளே கொண்டுபோவதே பெரும்பாடு. என் கணக்கில் வரும் உரிமைத் தொகை 1,000 இருக்கிற தைரியத்தில்தான் வாங்குகிறேன். நான் ஊதாரியா?
வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: ஊதாரி என்றால் கேஸுக்கும் ரீசார்ஜுக்கும் இப்படித் தனித்தனியாகத் தொகை சொல்லியிருக்க மாட்டீர்கள். நீங்கள் எழுதியதைக் கூட்டினால் 21,900. உரிமைத் தொகையை நீங்கள் வரவில் எழுதவே இல்லை, அதையும் சேர்த்தால் வரவு 25,000. பார்சலுக்கு 1,870 போன பிறகும் 1,230 மீதி இருக்க வேண்டும். அப்புறம் எதற்குக் கைமாற்று என்று குழம்பிப்போய்த்தான் உங்களுக்கு போன் போட்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

மாதாமாதம் வராத செலவு எதுவும் உங்கள் பட்டியலில் இல்லை. கரண்ட் பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால் அது கணக்கிலேயே ஏறவில்லை, வருஷத்துக்கு 3,600. ஜூனில் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் எல்லாம் சேர்த்து 14,000. தீபாவளி 7,000, பொங்கல் 3,000, பைக் இன்ஷூரன்ஸும் சர்வீஸும் 4,400, கல்யாணம், காதுகுத்து என்று மொய் 4,000. மொத்தம் 36,000, அதாவது மாதம் 3,000. இதைச் சேர்த்தால் உங்கள் நிஜமான செலவு 24,900. வரவு 25,000. நூறு ரூபாய் மீதி வைத்துக் குடும்பம் நடத்துகிறீர்கள், இதில் யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது. பார்சல் 1,870 உள்ளே வந்ததும்தான் மாதம் 1,770 துண்டு விழுகிறது. அதை இதுவரை சமாளித்தது கைமாற்று, குழுக் கடன், அடகு. ஜூன் வந்தால் வளையல் பேங்குக்குப் போகிறது என்று நீங்கள் போனில் சொன்னது இந்தத் துண்டுதான்.

முதல் வேலை அந்த உரிமைத் தொகை. அது 15ஆம் தேதி வாக்கில் வருகிறது, ஏழு பார்சலில் ஐந்து அதற்குப் பிறகு வந்தவை என்று நீங்களே தேதி பார்த்துச் சொன்னீர்கள். அந்தக் கணக்கில்தான் உங்கள் யுபிஐயும் இருக்கிறது, பணம் வந்து உட்கார்ந்ததும் கை போனுக்குப் போகிறது. பேங்கில் 12 மாத ஆர்.டி. (மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற சேமிப்பு) ஒன்று 1,000 ரூபாய்க்குப் போட்டு, 16ஆம் தேதி தானாகவே எடுத்துக்கொள்ளும்படி எழுதிக் கொடுத்துவிடுங்கள். அஞ்சலக ஆர்.டி. மாதம் 100 ரூபாயிலிருந்தே போடலாம் என்றாலும் அது ஐந்து வருஷத் திட்டம், ஸ்கூல் ஃபீஸுக்கு ஒத்துவராது. வருஷச் செலவுக்கான அந்த 3,000-ல் மீதி 2,000-ஐ சம்பளம் வந்த அன்றே போனோடு சேராத வேறொரு கணக்கில் போடுங்கள், அஞ்சலக சேமிப்புக் கணக்கே போதும். க்யூவில் நின்று படிவம் எழுதித்தான் எடுக்க வேண்டும் என்கிற சலிப்பு இங்கே உங்களுக்கு நல்லது.

ராத்திரி விஷயத்துக்கு வருகிறேன். ஆப்பை நீக்குங்கள் என்றால் நீக்குவீர்கள், ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும், அதனால் அதைச் சொல்லப்போவதில்லை. நோட்டிஃபிகேஷனை அணையுங்கள். பிடித்ததைக் கூடையில் போடுங்கள், எத்தனை வேண்டுமானாலும் போடுங்கள், ஆனால் ஆர்டர் கொடுப்பது ஞாயிற்றுக்கிழமை பகலில் மட்டும், அதுவும் கணவரோ பொண்ணோ பக்கத்தில் இருக்கும்போது. புதன்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு உயிராகத் தெரிந்த டப்பா செட் ஞாயிறு மத்தியானம் வெறும் டப்பாவாகத்தான் தெரியும். 'கேஷ் ஆன் டெலிவரிதானே, வேண்டாம் என்றால் திருப்பி அனுப்பிவிடலாம்' என்று நினைத்துத்தான் எல்லோரும் பட்டனைத் தட்டுகிறோம். வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டு வாசலில் நிற்கிற பையனிடம் வேண்டாம் என்று சொல்ல நம்மில் யாருக்கு மனசு வருகிறது? 'இன்னும் 9 நிமிடம்தான்', 'இரண்டுதான் பாக்கி' என்று திரையில் ஓடுவதையும் அப்படியே நம்பாதீர்கள். இப்படிப் பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் நுழைப்பதும் முறைகேடு என்று மத்திய அரசின் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரிலேயே வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. தொந்தரவு என்றால் 1915-க்கு போன் செய்து புகார் கொடுக்கலாம்.

முழுக்க நிறுத்தச் சொல்லவில்லை. நாள் முழுக்க வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துவிட்டுத் தனக்கென்று அரை மணி நேரம் கிடைப்பது ராத்திரிதான், அந்த நேரத்தில் மனசு எதையாவது கேட்கத்தான் செய்யும். மாதம் ஒரு பார்சல், 250-க்குள். நூறு ரூபாய் மீதியில் 250 எங்கிருந்து வரும் என்றால், தீபாவளி 7,000-ல் உங்கள் துணிக்கு என்று வைத்திருக்கிற 1,800-ஐ மாதம் 150-ஆகப் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை மாமியார் எதிரிலேயே பிரியுங்கள்.

மீனில் கைவைக்க வேண்டாம், பிள்ளைகள் சாப்பிடட்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், விசைப்படகு கடலுக்குப் போகாது, துறைமுகத்திலேயே விலை எகிறும். சரியாக ஸ்கூல் ஃபீஸ் நேரத்தில் அது வந்து சேரும். அந்த இரண்டு மாதம் முட்டை, கருவாடு, காராமணி என்று ஓட்டுங்கள். கடைசியாக ஒன்று. குழுக் கடன் இன்னும் எட்டுத் தவணை என்றீர்கள். முடிந்ததும் 'அடுத்த லோன் போடலாமா' என்று கூட்டத்தில் கேட்பார்கள், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். ஒரு சுற்று விட்டுவிடுங்கள். மாதம் 2,200 மிச்சமாவது உங்கள் வீட்டில் வேறு எந்த வழியிலும் நடக்காது.

கேள்வி: வயது 27, சம்பளம் 32,000. கிரெடிட் கார்டு பாக்கி 40,000, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று பில்லில் இருக்கிறது. மினிமம் டியூ 2,000-ஐ ஒழுங்காகக் கட்டியும் பாக்கி குறையவே மாட்டேன் என்கிறது. சனி, ஞாயிறு ஆனால் சென்னை, பெங்களூரிலிருந்து காலேஜ் நண்பர்கள் பாண்டிக்கு வந்துவிடுகிறார்கள், உள்ளூர்க்காரன் என்று நான்தான் கார்டைத் தேய்க்கிறேன். போனும் மாற்ற வேண்டும். நோ காஸ்ட் இஎம்ஐ என்றால் சுமை இருக்காதுதானே?
வாசகர், லாஸ்பேட்டை

பதில்: தம்பி, 40,000-க்கு 3.5 சதவீதம் என்றால் மாத வட்டி 1,400. வட்டிக்கு மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம், அது 252. ஆக நீங்கள் கட்டுகிற 2,000-ல் அசலுக்குப் போவது 348 ரூபாய். அதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்து கார்டை மறுபடி தேய்த்துவிடுகிறீர்கள், அப்புறம் எப்படிக் குறையும்? பாக்கி நிற்கும்வரை புதுச் செலவுக்கும் முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும், நாற்பது ஐம்பது நாள் வட்டியில்லாத சலுகை உங்களுக்குக் கிடையாது, இதைப் பலர் கவனிப்பதில்லை. இன்றைக்கே கார்டை நிறுத்திவிட்டு மாதம் 2,000 கட்டினால் அடைய மூன்றரை வருஷத்துக்கு மேல் ஆகும். 5,000 கட்டினால் பத்து மாதம். பாக்கியைக் குறைந்த வட்டியில் தவணையாக மாற்றித் தர முடியுமா என்று பேங்கிலேயே கேளுங்கள், வட்டியையும் கட்டணத்தையும் எழுத்தில் வாங்கிப் பார்த்துவிட்டுச் சம்மதியுங்கள். அம்மாவின் செயினைக் கேட்காதீர்கள்.

நோ காஸ்ட் இஎம்ஐயில் காஸ்ட் உண்டு. பூஜ்ஜிய வட்டி என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. பேங்க் வட்டி போடும், அதே அளவு தொகையைக் கடையோ கம்பெனியோ தள்ளுபடியாகக் கழிக்கும், அவ்வளவுதான். மொத்தப் பணமும் கொடுத்து வாங்குகிறவருக்குக் கிடைக்கிற தள்ளுபடி பல நேரம் உங்களுக்குக் கிடைக்காது, வட்டித் தொகைக்கு ஜிஎஸ்டியும் பிராசஸிங் ஃபீஸும் தனி. போன் உடைந்துபோயிருந்தால் கடிதத்தில் உடைந்துவிட்டது என்று எழுதியிருப்பீர்கள். 'மாற்ற வேண்டும்' என்றுதான் எழுதியிருக்கிறீர்கள்.

நண்பர்கள் விஷயம் பாண்டியில் வேலை பார்க்கிற எல்லாப் பசங்களுக்கும் இருக்கிற தலைவலி. அவர்களுக்கு வருஷத்தில் இரண்டு நாள் ஜாலி, ஆனால் ஆள் மாறி ஆள் வருவதால் உங்களுக்கு வாராவாரம். அவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை, நீங்கள் கார்டை நீட்டிவிடுவதால் கேட்பதில்லை. வருவதற்கு முன்னாடியே குரூப்பில் 'டேய், தலைக்கு 800 போடுங்கடா, மிச்சம் இருந்தா திருப்பித் தரேன்' என்று போட்டுவிடுங்கள். ரோஷம் வராது, வேண்டுமானால் இரண்டு ஸ்டிக்கர் வரும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வண்டி விடாத கடற்கரைச் சாலையில் நடக்கக் காசு கேட்கிறார்களா? ஊர் சுற்றிக் காட்டுங்கள், பில்லை நாலாக வகுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மகாத்மா காந்தி சாலை சண்டே மார்க்கெட்டுக்கு ஒரு தலையணை உறை வாங்கப் போனால் இரண்டு பை நிறைய வருகிறது. வீட்டுக்காரர் கேலி பேசுகிறார். இதுவும் வியாதியா?
வாசகி, அரியாங்குப்பம்

பதில்: மாதம் ஒரு தடவை போய் 500 ரூபாய்க்குள் வந்தால் வியாதி இல்லை, பொழுதுபோக்கு. நாலு பேர் சினிமாவுக்குப் போய்ப் பாப்கார்ன் வாங்கினால் அதைவிட அதிகம் ஆகும். சண்டே மார்க்கெட்டில் ஏமாறுவது விலையில் இல்லை, எண்ணிக்கையில். 'மூணு எடுத்தா 200' என்கிற குரல் கேட்டதும் ஒன்று வேண்டியவர் மூன்று எடுப்பார். போனை வீட்டில் வைத்துவிட்டு ஐந்து நூறு ரூபாய்த் தாளோடு போங்கள். முதலில் கடைசிவரை வெறும் கையோடு நடந்து பாருங்கள், திரும்பி வரும்போது வாங்குங்கள். பாதி ஆசை அந்த வெயிலிலேயே தீர்ந்துவிடும். வீட்டுக்காரர் கேலிக்கு, அவர் பைக்குக்குப் போன வருஷம் வாங்கி மாட்டிய அலங்காரச் சாமான் பில்லை ஒருதரம் தேடிப் பாருங்கள்.

கேள்வி: மாதம் முதல் தேதி மனைவியிடம் 15,000 கொடுக்கிறேன். நோட்டில் கணக்கு எழுது என்றால் எழுதுவதில்லை, கேட்டால் கோபம். எப்படிப் பழக்குவது?
வாசகர், நெல்லிக்குப்பம்

பதில்: உங்கள் சம்பளம் எவ்வளவு என்று கடிதத்தில் இல்லை. மனைவிக்காவது தெரியுமா? 15,000-க்கு அவர் கணக்கு எழுத வேண்டும், மிச்சத்துக்கு நீங்கள் எழுத மாட்டீர்கள் என்றால் கோபம் வரத்தான் செய்யும், எனக்கே வருகிறது. ஒரே நோட்டில் முழுச் சம்பளத்தையும் முதல் வரியில் எழுதி, டீக்கடை, பெட்ரோல், சிகரெட் எல்லாம் சேர்த்து முதல் மாதம் நீங்கள் எழுதிக் காட்டுங்கள். ஆளுக்கு 500 ரூபாய் யாரும் யாரையும் கேட்காத பணம் என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். அந்த 500-க்கு நோட்டில் இடம் கிடையாது, சண்டையும் கிடையாது.

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவர் தீபாவளிச் சீட்டு பிடிக்கிறார். மாதம் 500 வீதம் 12 மாதம் கட்டினால் தீபாவளிக்கு 7,000 ரூபாய்க்குப் பலகாரம், பட்டாசு, பாத்திரம் தருவாராம். நகைக்கடையில் 11 மாதத் திட்டமும் சொல்கிறார்கள். எதில் சேரலாம்?
வாசகி, வில்லியனூர்

பதில்: கையில் இருந்தால் செலவாகிவிடும் என்று பயந்துதான் பாதிப் பேர் சீட்டு கட்டுகிறார்கள், பயம் நியாயம்தான். ஆனால் தெருச் சீட்டுக்கு 1982 சீட்டு நிதிச் சட்டத்தின்படி பதிவு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் இருக்காது. நல்ல மனுஷியாகவே இருந்தாலும் அவர் வீட்டில் ஒரு ஆஸ்பத்திரி செலவு வந்தால் உங்கள் பணம்தான் முதலில் போகும். 7,000 ரூபாய்ப் பொருள் என்பதும் அவர் சொல்கிற விலைக்கு 7,000, அதே பாத்திரத்தைக் கடையில் விசாரித்தால் தெரியும்.

நகைக்கடைத் திட்டம் பதினொரு மாதத்தோடு நிற்பதற்குக் காரணம் உண்டு. பொருளுக்கு என்று வாங்கிய முன்பணத்தை ஒரு கம்பெனி 365 நாளுக்குள் சரிக்கட்ட வேண்டும், இல்லையென்றால் அது டெபாசிட் ஆகிவிடும், அதற்கு விதிகள் கடுமை. சேருவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள்: சேதாரத் தள்ளுபடி எல்லா நகைக்குமா, குறிப்பிட்ட டிசைனுக்கு மட்டுமா? நடுவில் நிறுத்தினால் என்ன ஆகும்? கட்டுகிற மாதமே கிராமாக வரவு வைப்பார்களா, இல்லை கடைசி நாள் விலைதானா? பெண்ணுக்குத் தோடு வாங்கியே ஆக வேண்டும் என்றால் சேரலாம். தீபாவளிச் செலவுக்கு என்றால் தங்கம் எதற்கு? அதே 500-ஐ பேங்க் ஆர்.டி.யில் போடுங்கள், தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்னால் முதிர்கிற மாதிரி தேதி பார்த்துப் போடச் சொன்னால் கவுன்டரிலேயே கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள்.