ரயிலுக்கு முன் பலகை: ரீச்சரின் பதில்கள்

சென்ற இதழில், நானும் பேரனும் வீட்டில் ஓடவிடும் சின்ன ரயிலைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வழக்கமாகக் கணக்குச் சந்தேகம் கேட்டு வரும் கடிதங்களை விட இந்த முறை ரயில் கடிதங்கள்தான் அதிகம். அநேகமாக எல்லாரும் கேட்டது ஒன்றே: ரயில் கையில் இருக்கிறது, அதை எதன் மேல் ஓட்டுவது? என் அப்பா கொட்டாஞ்சேனையில் தச்சு வேலை செய்தவர். நான் முப்பத்திரண்டு வருடம் கணக்குப் படிப்பித்தேன். மரத்தைப் பற்றித் தெரிந்தது எல்லாம் அவருடைய பட்டறையில் பழகியது. அந்தப் பழக்கத்தில்தான் பதில் சொல்கிறேன்.

கேள்வி: ரீச்சர், லண்டனில் இருக்கும் மாமா என் மகனுக்கு ஓஓ (OO) அளவு, அதாவது உண்மை ரயிலில் 76இல் ஒரு பங்கான ரயில் செட் ஒன்று அனுப்பியிருக்கிறார். மகனுக்குப் பதினொரு வயது. நிலத்தில் வைத்து ஓட்டினால் தூசியும் தலைமுடியும் சக்கரத்தில் சுற்றுகின்றன. எங்கள் பிளாட் கடற்கரைப் பக்கம். பலகைக் கடையில் சிப்போர்ட் மலிவு, மேற்பரப்பும் கண்ணாடி போல் இருக்கிறது, அதையே வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கலாமா?
— ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: வாங்க வேண்டாம், தங்கச்சி. நான் முதலில் செய்த பலகை அதுதான். கடைக்காரர் சொன்னதைக் கேட்டு, கடல் பக்க யன்னலுக்குக் கீழே வைத்தேன். வைகாசியில் தென்மேற்குக் காற்று தொடங்கியது. ஆவணிக்குள் பலகையின் ஓரம் பாணைத் தேநீரில் தோய்த்த மாதிரி ஊதிவிட்டது. ஓரத்துத் தண்டவாளம் மேலே எழும்பி, பேரனுக்குப் பிடித்த சிவப்புப் பெட்டி நிலத்தில் விழுந்து ஒரு பக்கம் உடைந்தது. பிள்ளை அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சிப்போர்ட் என்பது மரத்துண்டுகளைப் பசையோடு சேர்த்து அழுத்திச் செய்தது. ஈரம் பட்டால் அந்தத் துண்டுகள் அழுத்தத்திலிருந்து விடுபட்டு விரியும். பிறகு காய்ந்தாலும் பழைய தடிப்புக்குத் திரும்பாது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப் பலகையும் ஈரத்துக்கு ஆகாது. பாரமும் கூட, நடுவில் தொய்யும். பிளைவூட் அப்படியல்ல. அதில் ஒரு படையின் நார் நீளவாட்டில் ஓடினால் அடுத்த படையின் நார் குறுக்குவாட்டில் ஓடும். ஒன்று விரியப் பார்த்தால் மற்றது பிடித்து வைக்கும். 9 மி.மீ. பிளைவூட் கேளுங்கள், கொதிநீரையும் தாங்கும் பசையில் ஒட்டியதாக இருக்கட்டும். கடையிலேயே பலகையைத் தூக்கிக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஓரம் வழியே ஒரு கண்ணால் பாருங்கள். வளைவு இருந்தால் உடனே தெரியும். ஓரத்தில் படைகளுக்கு நடுவே பொந்து இருந்தாலும் வேண்டாம்.

வாங்கி வந்த அன்றைக்கே வெட்டி ஆணி அடிக்காதீர்கள். ரயில் வைக்கப்போகும் அதே அறையில், கீழே மூன்று கட்டை வைத்து, இரண்டு கிழமை படுக்கப் போடுங்கள். "பலகைக்கும் வீடு பழக வேணும்" என்பார் அப்பா. அறையில் உள்ள ஈரத்துக்கு மரம் தன்னைச் சரிசெய்துகொள்ளும். வளைய வேண்டுமானால் அதற்குள் வளைந்துவிடும்.

அடுத்தது வார்னிஷ். பலரும் பிழை விடுவது இதில்தான். மேற்பக்கம் மட்டும் பூசி விட்டால், பூசாத அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து விரிய, பலகை தட்டு மாதிரிக் குழியும். மேல், கீழ், நாலு ஓரம், வயருக்குப் போட்ட துளைகளின் உட்பக்கம் எல்லாவற்றுக்கும் இரண்டு கைப் பூச்சு வேண்டும். ஓரங்களுக்கு மூன்று. அதிகம் ஈரம் குடிப்பது அவைதான். துளைகளை முதலில் போட்டுவிட்டுப் பூசுங்கள். பூசிய பிறகு துளைத்தால் புது வாய் திறந்துவிடும்.

தண்டவாளத்தையும் ஒரு தடவை பாருங்கள். பழைய செட் என்றால் அது உருக்காக இருக்கலாம். உங்கள் வீட்டு உப்புக் காற்றில் அது துருப்பிடிக்கும், மின்சாரம் சக்கரத்துக்குப் போகாது. இப்போது வருபவை பெரும்பாலும் நிக்கல் சில்வர். பெயரில் வெள்ளி இருந்தாலும் அது செம்பும் நிக்கலும் நாகமும் சேர்ந்த கலவைதான், துருவேறாது.

கேள்வி: பத்தடிக்கு ஒன்பதடி அறை. கட்டில், அலுமாரி, படிக்கும் மேசை எல்லாம் அதற்குள். வட்டமாக ஓடும் ஓஓ ரயிலுக்கு எவ்வளவு பெரிய பலகை வேண்டும்? லிப்ட் இல்லாத மூன்றாம் மாடி என்பதையும் மனதில் வைத்துச் சொல்லுங்கள்.
— ஒரு தகப்பன், பம்பலப்பிட்டி

பதில்: தம்பி, இது எனக்குப் பிடித்த கேள்வி, ஏனென்றால் இது முழுக்கக் கணக்கு. ஓஓ செட்டுகளில் பெரும்பாலும் வரும் இரண்டாம் அளவு வளைவின் ஆரை 438 மி.மீ. விட்டம் 876. அதற்கு நடுவில் 168 மி.மீ. நேர்த்துண்டு ஒன்றைப் பக்கத்துக்கு ஒன்றாகச் சேர்த்தால் நீளம் 1044. சிலிப்பர் கட்டைகளின் அகலத்தையும் கூட்டினால் ஏறக்குறைய 1080. நாலடி என்பது 1219 மி.மீ. ஆக நாலடிக்கு நாலடிப் பலகையில் இந்த நீள்வட்டம் நிற்கும், ஓரத்தில் ஏழு சென்றிமீற்றர் மிஞ்சும். ரயில் தடம் புரண்டாலும் நேரே நிலத்தில் விழாமல் இருக்க அந்த மிச்சம் தேவை.

ஆனால் நாலடிச் சதுரத்தை ஒரே பலகையாகச் செய்யாதீர்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் மாட்டும், அறையிலும் சும்மா வைக்க இடம் இராது. நாலடிக்கு இரண்டடியாக இரண்டு பலகை செய்து, நீளப் பக்கத்தில் சேர்த்துவிடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி அலுமாரிக்குப் பின்னால் நிறுத்தலாம்.

கடையில் ஒரு முழு பிளைவூட் தகடு எட்டடிக்கு நாலடி. அதைக் குறுக்கே பாதியாக வெட்டினால் நாலடிச் சதுரம் இரண்டு. ஒரு சதுரத்தை மறுபடி இரண்டாக்கினால் உங்கள் மேற்பலகைகள் இரண்டும் வந்துவிட்டன. மற்றச் சதுரத்தை நாலு அங்குல அகலப் பட்டிகளாகக் கீறச் சொல்லுங்கள். வாள் தின்னும் தூளைக் கழித்தாலும் பதினொரு பட்டி கிடைக்கும். ஒரு பலகைக்கு நீளப் பக்கத்துக்கு இரண்டு பட்டி. இன்னும் இரண்டு பட்டியை 592 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் நாலு குறுக்குச் சட்டம்: இரண்டு முனைக்கு, இரண்டு நடுவுக்கு. இரண்டு பலகைக்கும் எட்டுப் பட்டி போனாலும் மூன்று மிஞ்சும். காலுக்குக் குறுக்குத் தாங்கல் போட அது போதும். ஒரே தகட்டில் எல்லாம் முடிகிறது. கடையிலேயே மெஷினில் வெட்டிக் கேளுங்கள். கைவாளால் நாலடிக்கு நேராக அறுப்பது பழகிய தச்சருக்கே சிரமம்.

சட்டங்களுக்கு இடைத்தூரம் ஏறக்குறைய பதினாறு அங்குலம். 9 மி.மீ. பலகை அந்த இடைவெளியில் தொய்யாது. பசை போட்டு, ஸ்குரூவும் முடுக்குங்கள். பசை காயும் வரை மூலைமட்டம் வைத்துப் பாருங்கள், மூலைக்கு மூலை குறுக்கே அளந்து இரண்டு அளவும் ஒன்றா என்றும் பாருங்கள். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமம் என்று ஒன்பதாம் வகுப்பில் படித்தது இதற்குத்தான் உதவும். கட்டி முடித்த ஒரு பலகை ஏழு கிலோ அளவில் இருக்கும், ஒருவரே மூன்று மாடி தூக்கலாம்.

நடுச் சட்டங்களைப் பூட்ட முன் கீழ்க்கண்ட ஒன்றை மறக்காதீர்கள். தண்டவாளப் படத்தை முழு அளவில் பழைய பத்திரிகைத் தாளில் கீறி, பலகை மேல் விரியுங்கள். தண்டவாளம் பிரியும் இடத்துக்குக் கீழே, பாதையை மாற்றிவிடும் மோட்டார் தொங்கும். அந்த இடத்தில் சட்டம் வந்தால் பிறகு அறுக்க நேரும். வயர் போக ஒவ்வொரு சட்டத்தின் நடுவிலும் 25 மி.மீ. துளை இப்போதே போட்டுவிடுங்கள். பலகைக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு பிறகு துளைக்கும் வேதனை உங்களுக்கு வேண்டாம்.

கேள்வி: இரண்டு பலகை சேரும் இடத்தில் என் ரயில் ஒவ்வொரு முறையும் தடம் புரள்கிறது. போல்டை எவ்வளவு இறுக்கினாலும் மறுநாள் அரை மில்லிமீற்றர் ஏற்றத்தாழ்வு. என்ன செய்வது?
— ஒரு மாணவன், கொட்டாஞ்சேனை

பதில்: எங்கள் ஊர்ப் பிள்ளை! உன் போல்டில் பிழை இல்லை, தம்பி. போல்டிடம் அதன் வேலை அல்லாததை எதிர்பார்க்கிறாய். போல்ட் போக வேண்டுமானால் துளை அதைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தாக வேண்டும். அந்தக் கொஞ்சத்துக்குள் பலகை மேலும் கீழும் அசையும். போல்டுக்கு இழுத்துப் பிடிக்கும் வேலை மட்டும். நேராகச் சேர்க்கும் வேலைக்கு வேறு ஆள் வேண்டும்.

பித்தளையில் ஆணும் பெண்ணுமாகச் சோடியாக வரும் முளைகள் உண்டு. ஒரு பலகையில் முளை, மற்றதில் அது இறுக்கமாகப் புகும் குழி. கிடைத்தால் அதுதான் முதல் தரம். கிடைக்காவிட்டால் கதவுக் கீல் போதும், நடு ஊசி கழன்று வரும் வகை. இரண்டு பலகைகளையும் மேல்மட்டம் ஒன்றாக வரும்படி நேர்ச்சட்டம் வைத்து கிளாம்பில் பிடித்து, சேரும் கோட்டின் இரு முனையிலும் வெளிப்பக்கச் சட்டத்தில் கீலைக் குறுக்கே பூட்டு. ஊசியைக் கழற்றினால் பலகை பிரியும், போட்டால் அதே இடத்தில் வந்து நிற்கும். இறுக்கத்துக்கு நடுவில் ஒரு 8 மி.மீ. போல்டும் சிறகு நட்டும் போடு. பழைய சோனகத் தெருவில் இறங்கினால் ஒரே நடையில் கீல், போல்ட், வாஷர் எல்லாம் வாங்கிவிடலாம். கீல் வாங்கும்போது ஊசியை ஆட்டிப் பார். அங்கேயே ஆடினால் விட்டுவிடு.

பலகை சரியான பிறகு தண்டவாளம். சேரும் கோட்டைத் தண்டவாளம் செங்குத்தாகவே கடக்கட்டும். சரிவாகக் கடந்தால் சிறு பிசகும் பெரிதாகும். பிரியும் இடத்தை அந்தக் கோட்டின் மேல் ஒருபோதும் வைக்காதே. மேலே பம்பலப்பிட்டிக்காரருக்குச் சொன்ன நீள்வட்டத்தில் இரண்டு நேர்த்துண்டுகளின் நடுவும் கோட்டின் மேல் செங்குத்தாக வரும், அதைப் பார்த்துத்தான் அந்த அளவையே சொன்னேன். கோட்டுக்கு இரு பக்கமும், ஒவ்வொரு தண்டவாளத்துக்கும் கீழே ஒரு பித்தளை ஸ்குரூ முடுக்கி, அதன் தலை தண்டவாளத்தின் அடியைத் தொடும் வரை சரிசெய்து, ஈயம் பற்றவை. நாலு இடமும் பற்றவைத்த பிறகுதான் மெல்லிய வாளால் தண்டவாளத்தைக் கோட்டின் மேல் வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பிறகு சேர்க்கப் பார்த்தால் எத்தனை நாள் இருந்தாலும் சரிவராது.

கேள்வி: கால் எவ்வளவு உயரம் வைக்கலாம்? நான் நின்று பார்க்க விருப்பம், மகளுக்கு ஏழு வயது.
— தெஹிவளை வாசகர்

பதில்: மகளின் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். நீங்கள் கதிரையில் இருந்து பாருங்கள். ரயிலைக் கண் மட்டத்தில் பார்க்கும்போதுதான் அது ரயிலாகத் தெரியும். வளர வளர உயர்த்த, காலின் அடியில் நீள போல்ட் ஒன்றைத் திருகி விடலாம்; சமமில்லாத சீமெந்து நிலத்தில் ரசமட்டம் வைத்துச் சரிசெய்யவும் அதுவே உதவும். பெரியவர் கை எட்டும் தூரம் ஏறக்குறைய இரண்டரை அடி; ஒரு பக்கத்திலிருந்து மட்டும் எட்டுவதானால் அதற்கு மேல் அகலம் வேண்டாம்.

கேள்வி: கீழ் வீட்டார் சத்தம் என்கிறார்கள்.
— இரத்மலானை வாசகி

பதில்: பிளைவூட் பெட்டி மிருதங்கம் மாதிரி, சத்தத்தைப் பெருக்கும். தண்டவாளத்துக்குக் கீழே 3 மி.மீ. தக்கைத் தகடு போடுங்கள். ஆணியைத் தக்கை தாண்டிப் பலகைக்குள் அடித்து விட்டால் சத்தம் ஆணி வழியே இறங்கிவிடும். மெல்லிய பசையால் மட்டும் ஒட்டுங்கள். காலுக்குக் கீழே ரப்பர் துண்டு.

கேள்வி: ரீச்சர், என் தாத்தா களனிப் பள்ளத்தாக்குப் பாதையில் வேலை செய்தவர். அந்தச் சின்ன ரயிலைச் செய்து பார்க்க ஆசை. எந்த அளவு தண்டவாளம் வாங்குவது, பலகை எவ்வளவு?
— மருதானை வாசகர்

பதில்: இந்தக் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். எங்கள் பெரிய ரயில் ஓடும் பாதையின் அகலம் 1676 மி.மீ. ஓஓ என்பது 76இல் ஒரு பங்கு. அப்படிப் பார்த்தால் மாதிரியில் 22 மி.மீ. இருக்க வேண்டும். கடையில் கிடைப்பது 16.5. சரியாக நாலில் மூன்று பங்குதான். கரையோரப் பாதையை ஓஓ அளவில் செய்கிறவர்கள் அந்தக் குறையை ஏற்றுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

உங்கள் தாத்தாவின் பாதைக்கு அந்தக் குறை இல்லை. 1990களில் அகலமாக்கும் வரை அது இரண்டடி ஆறங்குலம், அதாவது 762 மி.மீ. அதை 87இல் ஒரு பங்காக்கினால் 8.76. 'என்' (N) அளவு என்று கடையில் விற்கும் தண்டவாளம் 9 மி.மீ. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. ஆகவே 87இல் ஒரு பங்கான எச்ஓ (HO) அளவில் கட்டடமும் ஆட்களும், 9 மி.மீ. தண்டவாளம்.

அந்த வகையில் 228 மி.மீ. ஆரை வளைவு கிடைக்கும். விட்டம் 456, இரண்டடிப் பலகையில் சுற்றியும் ஏழு சென்றிமீற்றர் மிஞ்சும். நாலடிக்கு இரண்டடியில் ஒரே ஒரு பலகை உங்களுக்குப் போதும். கூர்மையான வளைவு அந்தப் பாதைக்குப் பொருந்தும். அகலமாக்கிய பிறகும் அந்த வளைவுகளில் ரயில் மெதுவாகத்தான் போகிறது. மேற்பலகையை முழுதாக மூடாமல், ஆறு வரும் இடத்தில் மட்டும் வெட்டி எடுத்து, சட்டத்தின் அடியில் இரண்டு அங்குலம் தாழ்வாகப் பொருத்துங்கள். பாலத்துக்குக் கீழே உண்மையாகவே பள்ளம் இருக்கும். அந்த இடத்தில் நாலு அங்குலச் சட்டம் போதாது, ஆறு அங்குலமாக வெட்டச் சொல்லுங்கள். தாத்தா எந்த ஸ்டேஷனில் இருந்தார் என்று எழுதுங்கள், தண்டவாளப் படத்தை நானே கீறி அனுப்புகிறேன்.