கைக்குழந்தை கேள்வி பதில்: இன்று மாலை முழுக்க இருக்கிறேன்

அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் 26 வருடம் செவிலியராக இருந்தவள். டாக்டர் இல்லை, மருந்து பெயர் கேட்காதீர்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

அக்கா, பையனுக்கு 19 நாள். சாயங்காலம் ஆனால் ஓயாமல் அழுது பால் கேட்கிறான். பால் பத்தவில்லை, புட்டிப்பால் கொடு என்கிறார் மாமியார். (தேனி)

ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்கிறான்? ஆறுக்குக் குறையாவிட்டால் பால் பத்துகிறது. பிறந்த முதல் வாரம் எடை கொஞ்சம் இறங்கும், பத்து சதவீதம் வரைகூட. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும், அதன்பின் நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏறும். நாளைக்கே துணை சுகாதார நிலையத்தில் எடை போட்டுப் பாருங்கள். சாயங்காலத்தில் விட்டு விட்டுக் குடிப்பது இந்த வயதில் பல குழந்தைகளுக்கும் உள்ளதுதான்.

பால் குடிக்கும்போது கன்னம் குழி விழுகிறதா, ‘சப் சப்’ என்று சத்தம் வருகிறதா? அப்படியென்றால் காம்பை மட்டும் பிடித்திருக்கிறான். சுண்டுவிரலை வாயோரம் விட்டு மெதுவாக எடுத்துவிட்டு, வாய் நன்றாக அகலத் திறந்ததும் கருவளையமும் சேர்ந்து உள்ளே போகிறமாதிரி மறுபடி வையுங்கள். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். புட்டி கொடுத்தால் அவன் சப்புவது குறையும், உங்களுக்குச் சுரப்பதும் குறையும். அப்போது மாமியார் சொன்னது நிஜமாகிவிடும்.

பிறந்து 5 நாள், மஞ்சளாக இருக்கிறாள். காலை வெயிலில் காட்டினால் போதுமா?

போதாது. மருத்துவமனையில் நீல விளக்கில் வைப்பது மஞ்சள் நிறமியை உடல் வெளியேற்றக்கூடிய வடிவத்துக்கு மாற்றத்தான். ஜன்னல் வெயிலை நம்பி அதை ஈடுகட்ட முடியாது. நாளைக்குள் டாக்டரிடம் காட்டுங்கள். உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள் இறங்கியிருந்தாலோ, பாலுக்கு எழுப்பியும் எழாமல் தூங்கினாலோ இன்று இரவே கிளம்புங்கள்.

எனக்கும் பால் பத்தவில்லை அக்கா...

முதல் பதில்.

34 வாரத்தில் பிறந்தவள். நாலு மாதம் ஆகியும் கழுத்து நிற்கவில்லை.

ஆறு வாரம் முன்னாடி வந்தவள் அல்லவா, அதைக் கழியுங்கள். வளர்ச்சிக் கணக்கில் அவளுக்கு இரண்டரை மாதம்தான். முகம் பார்த்துச் சிரிக்கிறாளா என்று இப்போது கவனியுங்கள். கழுத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது. ஆனால் தடுப்பூசிக்குக் கழிக்காதீர்கள், 6, 10, 14 வாரங்களைப் பிறந்த தேதியிலிருந்தே எண்ண வேண்டும்.

இரண்டு மாதக் குழந்தை, 101 டிகிரி. சொட்டு மருந்து எவ்வளவு?

இதைப் படித்துக்கொண்டிருக்காதீர்கள். மூன்று மாதத்துக்குள் 100.4 தொட்டாலே மருத்துவமனைதான். வண்டி இல்லையென்றால் 108.

தாய்ப்பால் மட்டும்தான். மூன்று மாதம். ஐந்து நாளாக வெளிக்குப் போகவில்லை. வெற்றிலைக் காம்பு வைக்கலாமா?

வேண்டாம். வயிறு மெத்தென்று இருந்து, குழந்தை நன்றாகக் குடித்தால் காத்திருங்கள். பச்சையாக வாந்தி எடுத்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள்.

மே மாத வெயில், தண்ணீர்? / தேன் தொட்டு வைக்கலாமா? / தெருவில் கழுதைப்பால் வந்தது...

மூன்றுக்கும் ஒரே பதில்: ஆறு மாதம் வரை வாயில் தாய்ப்பாலைத் தவிர எதுவும் கூடாது. அதிலேயே நூற்றுக்கு 88 பங்கு தண்ணீர்தான். தேன் ஒரு வயது வரை கூடாது, அதிலுள்ள கிருமி விதை குழந்தையின் குடலில் முளைத்து உடம்பையே துவளச் செய்துவிடும்.

நாலு பிள்ளையும் வசம்பு உரசிக் கொடுத்துத்தான் வளர்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. (காரைக்குடி)

வணக்கம் பெரியம்மா. வயிற்று அழுகை இரண்டு மூன்று வாரத்தில் தொடங்கும், ஆறாவது வாரம் உச்சத்துக்குப் போகும், நாலாம் மாதத்துக்குள் தானாக அடங்கும். வசம்பு கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். பெயர் மட்டும் வசம்புக்குப் போய்விடுகிறது.

சித்த மருத்துவத்தைக் கேவலப்படுத்துகிறீர்கள்.

இல்லை தம்பி. வசம்பில் பீட்டா அசரோன் என்று ஒரு வேதிப்பொருள் இருக்கிறது, எலிகளுக்குப் புற்றுக்கட்டி வரவைத்தது. அதற்காகவே 1968இல் அமெரிக்காவில் வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டார்கள்.

அமெரிக்காக்காரன் சொன்னால்தான் நம்புவீர்களா? நம் பாட்டிகள் முட்டாள்களா?

என் பாட்டியும் உரசியவர்தான், முட்டாள் இல்லை. ஆனால் எத்தனை சுற்று உரசினால் எத்தனை மில்லிகிராம் என்று உங்களால் சொல்ல முடியுமா? மூன்று கிலோ உடம்பு அது. ஆசையாக இருந்தால் வசம்பு வளையலாகக் கையில் கட்டுங்கள், எனக்கும் கட்டியிருக்கிறார்கள்.

எனக்கும் பால்...

முதல் பதில்! மேலே போய்ப் படியுங்கள்.

(காரைக்குடி) கையில் கட்டு என்கிறாயே தாயி. மூணு மாசப் பிள்ளை கையை எங்கே வைக்கும்?

...வாயில். கழற்றிவிடுங்கள் பெரியம்மா. அதை நான் சொல்லியிருக்கவே கூடாது.